நாக் அவுட்டில் முடியும் பருவம்: நெல்லைச் சீமையில் இளையோர் ஹாக்கி

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் இளையோர் ஹாக்கிப் பருவம் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடங்குகிறது. டிசம்பர் அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் பெரும்பாலான அணிகளுக்கு அது முடிந்துவிடும். பல அணிகளுக்கு ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடும். இப்பகுதியின் ஹாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோவில்பட்டியின் பெருமையையும் அங்கிருந்து இந்திய அணிக்குப் போனவர்களின் பெயர்களையும் சொல்வது வழக்கம். ஒரு பள்ளிச் சிறுவன் ஓர் ஆண்டில் எத்தனை முறை போட்டி ஆட்டத்தில் இறங்குகிறான் என்பது அந்தப் பேச்சில் வருவதில்லை. இளையோர் ஹாக்கியின் வளர்ச்சியும் தேக்கமும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கின்றன.

வயதுப் பிரிவுகள் மூன்று வகையில் அமைந்திருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறையின் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோருக்கானவை. ஹாக்கி இந்தியா அமைப்பின் தேசியப் போட்டிகளில் சப்-ஜூனியர் என்பது 16 வயதுக்குட்பட்டோர், ஜூனியர் என்பது 19 வயதுக்குட்பட்டோர். உலகக் கோப்பை அளவில் ஜூனியர் வரம்பு 21. இவற்றுள் கிராமத்துப் பள்ளி வரை போய்ச் சேர்வது முதல் வகை மட்டும்தான். குடியரசு தினக் குழு விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயரில் நடப்பவை இவை. குறுவட்டத்தில் வென்ற அணி வருவாய் மாவட்டத்துக்கும், அங்கு வென்றது மண்டலத்துக்கும், பிறகு மாநிலத்துக்கும் போகும். இவை தவிர, தில்லியில் 1964 முதல் நடந்துவரும் ஜவாஹர்லால் நேரு ஹாக்கிப் போட்டிக்கான மாவட்ட, மாநிலத் தகுதிச் சுற்றுகளும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையும் உண்டு. பாளையங்கோட்டை தூய தோமையார் சாலையில் உள்ள அண்ணா விளையாட்டரங்கில்தான் ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. நெல்லை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வு என்றாலும் கோடைப் பயிற்சி முகாம் என்றாலும் அந்த வாசலுக்குத்தான் வர வேண்டும்.

இந்தப் போட்டிகளில் பெரும்பாலானவை நாக் அவுட் முறையில் நடப்பவை. நாக் அவுட்டில் 16 அணிகள் இறங்கினால் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டும். 32 அணிகள் என்றால் 31 ஆட்டங்கள், பதினாறு அணிகளுக்கு ஒன்றே ஒன்று. எத்தனை அணிகள் சேர்ந்தாலும் சரி, ஓர் அணியின் சராசரி இரண்டு ஆட்டத்தை எட்டவே முடியாது. நடத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மைதானம் ஒன்று, நடுவர்கள் சிலர், கையில் இருப்பது இரண்டே நாள், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடும் பேருந்துச் செலவும் பார்க்க வேண்டும். ஆனாலும் ஜூனிலிருந்து காலை ஆறு மணிக்கு எழுந்து பயிற்சிக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவன், குறுவட்ட முதல் சுற்றில் பலமான பள்ளியோடு சீட்டு விழுந்ததால் முற்பகல் பத்தரை மணிக்கே அந்த ஆண்டின் பருவத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். அவன் ஆட்டத்தில் என்ன குறை என்று பயிற்சியாளர் கண்டுபிடித்தாலும் அதைத் திருத்திக் காட்ட அடுத்த ஆட்டம் அடுத்த ஆண்டுதான்.

பாளையங்கோட்டைக்கு விளையாட்டு புதிதல்ல. ஆங்கிலேயர் படை முகாமிட்ட ஊர் அது. மிஷன் பள்ளிகள் வந்தபோது ஒவ்வொன்றும் வகுப்பறைகளோடு ஒரு பெரிய மைதானத்தையும் வளைத்துக்கொண்டன. தூய யோவான், தூய சவேரியார், கதீட்ரல், சாரா டக்கர் என்று அடுத்தடுத்து நிற்கும் பள்ளிகளின் மைதானங்கள் இன்றும் நகரின் நடுவே திறந்தவெளியாகக் கிடப்பதற்கு அதுவே காரணம். பட்டணத்தில் நிலத்தின் விலை ஏறிய பிறகும் அவை மிஞ்சியிருப்பது சாதாரண விஷயமல்ல. மைதானத்துக்குத் துணையாக ஆசிரியர்களும் வந்தார்கள். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் தமிழ்நாடு முழுவதும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு பயணம் செய்தவர் பக். இன்றும் தென் மாவட்டங்களில் ஒரு பள்ளியில் ஹாக்கி இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்தப் பள்ளியின் பி.டி. சார்தான். அவர் மாற்றலாகிப் போனால் ஆட்டமும் கூடவே போய்விடுவதுண்டு.

அப்படி ஆட்டம் போய்விடாமல் நின்ற ஊர் கோவில்பட்டி. பாளையங்கோட்டைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவு. 1986 அக்டோபரில் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊர். தீப்பெட்டி, பஞ்சாலை, கடலை மிட்டாய் என்று பெயர் வாங்கிய அந்தக் கரிசல் நகரத்துக்கு 'ஹாக்கிப்பட்டி' என்ற இன்னொரு பெயரும் உண்டு. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் மன்றங்கள் உள்ளன. அப்பா ஆடிய மட்டையை மகன் தூக்கிக்கொண்டு வருவதும், ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஹாக்கியால் வேலை பெற்றவர் விடுப்பில் வரும்போது சிறுவர்களோடு இறங்கி ஆடுவதும் அங்கே வழக்கம். கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனம், இராணுவம் என்று பல ஊர் அணிகள் வருகின்றன. அது பெரியவர்களின் போட்டிதான். ஆனால் பந்து எடுத்துப் போடும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இந்திய அணியில் ஆடியவர்களை இருபதடி தூரத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு கோவில்பட்டியில் இருக்கிறது. நாட்டில் மிகச் சில சிறுநகரங்களுக்கே அது வாய்த்திருக்கிறது.

கோவில்பட்டியை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது கிருஷ்ணா நகரில் உள்ள செயற்கை இழை (டர்ஃப்) மைதானம். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்துக்கு மாறியதும், மண்ணிலும் புல்லிலும் பழகிய நாடுகள் பின்தங்கியதும் பலருக்குத் தெரிந்த கதை. அந்த மாற்றம் ஒரு பள்ளிச் சிறுவனின் மணிக்கட்டில் என்ன செய்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. சரள் தரையில் பந்து நேராக வராது. கல்லில் பட்டுத் துள்ளும். ஆகவே அங்கு ஆடுகிறவன் நிமிர்ந்த உடம்போடு, பந்து எந்தப் பக்கம் எகிறினாலும் பிடிக்கத் தயாராக மட்டையைத் தளர்வாக வைத்திருப்பான். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். முழங்காலை மடித்துத் தாழ்ந்து, மட்டையைத் தரையோடு தரையாகக் கிடத்தி வாங்க வேண்டும். சரளில் மூன்று ஆண்டு பழகிய உடம்பை டர்ஃபுக்கு மாற்றுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவனைவிட அவன் பாடு கடினம்.

பெனால்டி கார்னரில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிடுகிறான். கோலிலிருந்து 14.63 மீட்டர் வட்டத்தின் விளிம்பில் இன்னொருவன் அதைச் சட்டென்று நிறுத்துகிறான். மூன்றாமவன் மட்டையின் வளைவில் பந்தை ஏந்தி, தரையோடு இழுத்து வந்து, இடுப்பைத் திருப்பி வீசுகிறான். இதுவே டிராக் ஃபிளிக். தேர்ந்தவர்களின் வீச்சு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். சரள் தரையில் இது நடக்காது. தள்ளிவிட்ட பந்து குதித்துக்கொண்டு வரும், நிறுத்தியது நிற்காது, இழுக்க முயன்றால் மட்டை மண்ணைச் சுரண்டும். இன்றைய ஹாக்கியில் கோல்களில் பெரும் பங்கு பெனால்டி கார்னரிலிருந்தே வருகிறது. டர்ஃப் இல்லாத பள்ளியின் பிள்ளைக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது.

டர்ஃபுக்குத் தண்ணீர் வேண்டும். 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் நனைக்கப் பல ஆயிரம் லிட்டர் ஆகும். நனைக்காவிட்டால் பந்தின் வேகம் குறையும். விழுந்தால் தோல் வழன்றுவிடும். இழைகளும் சீக்கிரம் தேயும். கோவில்பட்டியோ வானம் பார்த்த பூமி. நகரின் குடிநீரே பாளையங்கோட்டை வட்டத்துச் சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுக்கப்பட்டுக் குழாய் வழியே வருகிறது. ஆற்றங்கரை நகரம் பள்ளி மைதானங்களில் சரளை மிதித்துக்கொண்டிருக்க, ஆற்றிலிருந்து குடிநீரைக் குழாயில் வாங்கும் நகரம் நனைத்த தளத்தில் ஆடுகிறது. உலக அளவிலும் இது கேள்வியாகிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நீர்த் தேவை குறைந்த தளம் போடப்பட்டது. நீரே தேவைப்படாத தளங்களை நோக்கிப் போக வேண்டும் என்பது சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் நோக்கம். கரிசல் காட்டு ஊர்களுக்கு அது விரைவில் வருவது நல்லது.

மைதானத்தோடு விடுதியும் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்று சிறப்பு விடுதி நடத்துகிறது. கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து இந்த விடுதியில் தங்கிப் பயின்ற செல்வம் கார்த்தியும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் ஒருசேர இடம்பெற்றார்கள். அந்த அணி வெண்கலம் வென்றது. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் கார்த்தி இருந்தார். லீக் சுற்றில் மலேசியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். விடுதி இவர்களுக்குத் தந்தது உணவும் மட்டையும் மட்டுமல்ல. ஒரே வயதில் ஒரே தரத்தில் உள்ள இருபது முப்பது பேரோடு தினமும் ஆடும் வாய்ப்பைத் தந்தது. அதாவது, பள்ளிப் போட்டி மறுத்த ஆட்டங்களை விடுதி வளாகத்துக்குள் ஈடுகட்டியது. விடுதிக்கு வெளியே இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்த ஈடு இல்லை.

2022 மே 17 முதல் 29 வரை 12ஆவது ஹாக்கி இந்தியா ஜூனியர் ஆடவர் தேசியப் போட்டி கோவில்பட்டியில் நடந்தது. உத்தரப் பிரதேசம் இறுதியில் சண்டிகரை வென்றது. அணிகள் எட்டுப் பிரிவுகளாக, பிரிவுக்கு மூன்றோ நான்கோ அணிகளாக இறங்கின. பிரிவில் முதலிடம் பெற்றதே காலிறுதிக்குப் போனது. சாம்பியன் அணிக்கே ஐந்தாறு ஆட்டங்கள்தான். பிரிவில் தோற்ற மாநிலம் இரண்டு மூன்று ஆட்டங்களோடு ரயிலேறியது. மணிப்பூரிலிருந்தோ இமாச்சலத்திலிருந்தோ நான்கு நாள் பயணம் செய்து வந்து ஆடிய மொத்த நேரம் இரண்டு மூன்று மணி. 2025இல் ஹாக்கி இந்தியா தேசியப் போட்டிகளை ஏ, பி, சி என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, மேலேறவும் கீழிறங்கவும் வழி வைத்தது. பலமான அணியிடம் பலவீனமான அணி இருபது கோல் வாங்கும் அவலத்தை இது குறைத்திருக்கிறது. ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பெரிதாகக் கூட்டவில்லை.

இளையோர் உலகக் கோப்பை 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 அணிகள். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இதற்காகவே புதிய அரங்கம் எழுந்தது. காங்கேயம் காளை இலச்சினையாக நின்றது. இறுதியில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1 என்று சமன் செய்ய, ஷூட் அவுட்டில் ஜெர்மனி வென்று எட்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்ற இந்தியா, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து வென்றது. எழும்பூரில் அன்று எழுந்த ஆரவாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவனும் இல்லை. போட்டியை நடத்தும் திறமை தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரரை உருவாக்குவதில் அந்த வேகம் வரவில்லை.

வெளிநாடுகள் இளையோர் ஆட்டத்தைக் கையாளும் விதம் வேறு. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ஹாக்கி மன்றங்களின் ஆட்டம். நெதர்லாந்தில் ஏழெட்டு வயதுக் குழந்தை முதல் வாரந்தோறும் லீக்கில் ஆடும். சனிக்கிழமை என்றாலே குடும்பத்தோடு மன்றத்துக்குப் போவது அங்கு ஊர் வழக்கம். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. பனிக்கட்டி மேல் ஆடும் ஐஸ் ஹாக்கியில் இது இன்னும் தீவிரம். கனடாவின் மூன்று பெரிய இளையோர் லீக்குகளில் 16 முதல் 20 வயது வரை உள்ளவர்கள் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஆடுகிறார்கள். ஒன்டாரியோ லீக்கில் ஓர் அணிக்கு வழக்கமான பருவத்தில் மட்டும் 68 ஆட்டங்கள். அதன் பிறகு ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டிய பிளே ஆஃப் சுற்றுகள். கடைசியில், முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1919இல் தொடங்கிய மெமோரியல் கோப்பை. வெளியூர்ச் சிறுவர்கள் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகிறார்கள். கோவில்பட்டி விடுதி செய்யும் வேலையை அங்கே வீடுகள் செய்கின்றன. 68 ஆட்டம் மிகைதான்; இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்யும் பதினாறு வயதுப் பையனின் படிப்பு என்னாவது என்ற கேள்வி அங்கேயும் ஓயவில்லை. நெல்லைச் சீமைக்கு 68 தேவையில்லை. ஆனால் ஒன்றுக்கும் 68க்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

கனடாவின் ஐஸ் ஹாக்கியில் கிடைத்த இன்னொரு பாடமும் இங்கு பொருந்தும். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடனிருந்தவர்களும் அங்குள்ள ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தார்கள். வயது வரம்பு ஜனவரி 1இலிருந்து கணக்கிடப்படுவதால், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைவிட மிக அதிகமாகத் தேர்வாகியிருந்தது தெரிந்தது. பத்து வயதில் பத்து மாத மூப்பு உடம்பில் தெரியும். தேர்வாளர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். இங்கும் வரம்பு ஜனவரி 1தான். கூடவே, பிறப்புச் சான்று கட்டாயமாவதற்கு முன் தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்கு மே, ஜூன் என்று வாத்தியார் போட்ட தேதியே பிறந்த நாளாக நின்றது. நாக் அவுட் முறையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒரே ஆட்டம்தான் என்றால் பயிற்சியாளர் உயரமான, மூத்த பையன்களை மட்டுமே இறக்குவார். சின்னப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தே பருவத்தை முடிப்பான்.

பெற்றோர் பார்ப்பது சான்றிதழை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இரண்டுக்கும் மதிப்பெண் தருவது எந்த நிலைப் போட்டியில் ஆடினான், எந்த இடம் பெற்றான் என்பதே. இந்த ஏற்பாடு பல ஏழை வீடுகளை உயர்த்தியிருக்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் லீக்கில் பத்து ஆட்டம் ஆடியதற்குச் சான்றிதழ் மதிப்பில்லை, மாநிலப் போட்டியில் பெஞ்சில் இருந்ததற்கு உண்டு என்றால் பள்ளிகளும் பெற்றோரும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. பெண்களுக்கு மட்டும் லீக் முறையில் ஒரு முயற்சி ஏற்கெனவே நடந்தது. 2021 டிசம்பரில் தில்லி மேஜர் தியான்சந்த் மைதானத்தில் 21 வயதுக்குட்பட்டோருக்கான கேலோ இந்தியா மகளிர் ஹாக்கி லீக் தொடங்கியது; பிறகு 16 வயதுக்குட்பட்டோருக்கும் நடந்தது. தேசிய அளவில் நடக்கக்கூடியது மாவட்ட அளவில் நடக்காமல் போகக் காரணமில்லை.

மாவட்ட லீக்குக்கு நாட்காட்டியும் இடம் தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மைதானத்தைச் சேறாக்கும். மார்ச்சில் பொதுத் தேர்வு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் காலாண்டுத் தேர்வு வரை பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்குக் குறையாமல் கிடைக்கும். அந்த மாதங்களில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் தென்மேற்குக் காற்று வீசும். மழை அவ்வளவாக இராது. வெயிலும் மே மாதத்து உக்கிரத்தோடு இருக்காது. பாளையங்கோட்டையில் நான்கு பள்ளிகள், கோவில்பட்டியில் நான்கு பள்ளிகள் என்று எட்டு அணிகள் சேர்ந்து ஒரு சுற்று லீக் ஆடினால் மொத்தம் 28 ஆட்டங்கள். ஒரு சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டங்கள் வீதம் ஏழு சனிக்கிழமைகளில் முடிந்துவிடும். இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கடைசி இடம் பிடித்த பள்ளியின் பையனும் ஏழு ஆட்டங்கள் ஆடியிருப்பான். இப்போதைய முறையில் மாவட்டச் சாம்பியனுக்குக்கூட அத்தனை ஆட்டங்கள் கிடைப்பது அரிது. இதற்குப் புதிய அரங்கமோ புதிய விடுதியோ தேவையில்லை. இரண்டு ஊர் உடற்கல்வி ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் ஜூன் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து அட்டவணை போட்டால் போதும்.